பார்த்துட்டுச் சொல்றேன் சார்

சம்பளம் எவ்வளவு என்று கேட்பாள் என எதிர்பார்த்தார் முதலாளி. அவள் கேட்டது வேறு.

"லேடீஸ் டாய்லெட் எங்க சார் இருக்கு?"

"அவசரமா? போயிட்டு வாம்மா. பின்பக்கம்."

"அவசரமில்லை சார். பார்க்கணும். பார்த்துட்டுத்தான் வேலைக்கு வரேனா இல்லையான்னு சொல்லுவேன்."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். அவர் எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து கெஞ்சியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, மாமா பேரைச் சொன்னவர்களும் உண்டு. தணிக்கைக்கு வந்தவர் யாருமில்லை.

"நான் உன்னை இன்டர்வியூ பண்றேனா, நீ என்னைப் பண்றியா?"

இரண்டு பேருக்கும் தெரிந்த பதில்தான்.

கடன் வாங்கி இறக்கிய, கணினியில் ஓடும் சி.என்.சி. கடைசல் லேத் மூன்று மாதமாக உறை போட்டு நிற்கிறது. ஓட்டத் தெரிந்த இருவரில் ஒருவன் விமானம் ஏறிவிட்டான். இன்னொருவன், பைக்கில் பார்சல் கொண்டுபோனால் கையில் கிரீஸ் ஒட்டாது என்று கண்டுபிடித்துவிட்டான். மாதக் கடைசிக்குள் பம்பு ஷாஃப்ட்டுகள் போகாவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும். இவளோ காலையில் வந்ததும் அந்த மெஷினை ஓடவைத்து, ஒரு ஷாஃப்ட்டை நூலளவு பிசகாமல் கடைந்து அவர் மேசைமேல் வைத்திருந்தாள்.

முதலாளி பொல்லாதவர் அல்லர். கேட்காததைக் கொடுத்துப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான்.

"பேக்கிங்ல ஒன்பது பொம்பளைங்க இருக்காங்க. ஒருத்தரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்லை. நீயே கேட்டுக்கோ" என்றவர், கதவுப் பக்கம் திரும்பி, "பேக்கிங் அக்காவை வரச் சொல்லுங்கப்பா!" என்று குரல் கொடுத்தார்.

அவளுக்குப் பதவியும் பேக்கிங் அக்காதான், பெயரும் அதுதான். பதினோரு வருடமாக அட்டைப்பெட்டி மடிப்பவள். விரலில் ஒட்டிய டேப்பை உரித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு நம்ம டாய்லெட்டைப் பார்க்கணுமாம். உங்களுக்கு அதுல ஏதாவது குறை உண்டா?"

"ஒரு குறையும் இல்லை சார்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சேர்றதுக்கு முன்னாடியே இவ்வளவு நாட்டாமையா? எங்களைப் பாரு. பதினோரு வருஷத்துல வேலைக்கு நடுவுல ஒருத்தி எழுந்து போனதில்லை. காலையில வீட்டை விட்டுக் கிளம்பினா, சாயந்திரம் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணியே குடிப்போம். எல்லாம் பழகிடும்."

"பார்த்தியா? இதுக்குப் பேர்தான்..." என்று ஆரம்பித்த முதலாளி நிறுத்தினார். "தண்ணியே குடிக்கிறதில்லையா?"

"குடிச்சா கஷ்டம் சார்."

"என்ன கஷ்டம்?"

"அந்த ரூம் நான் வந்ததுலேர்ந்து பூட்டித்தானே சார் கிடக்கு. அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

தம் அறைக்குள்ளேயே இருந்த குளியலறைக் கதவை முதலாளி ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்தார்.

ஸ்டோர்காரரின் கொத்தில் பதினேழாவது சாவிக்குப் பூட்டு திறந்தது. உள்ளே கால் உடைந்த நாற்காலிகள், கிழிந்த பெட்டிகள். அவற்றின் மேல், ஏதோ ஓர் ஆண்டுவிழாவுக்குக் கட்டி அவிழ்த்த பேனர்: 'தொழிலாளர்களே எங்கள் சொத்து.'

சொத்தைப் பத்திரமாகப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள்.

முதலாளி வாசற்படியைத் தாண்டி உள்ளே போகவுமில்லை, திரும்பவுமில்லை.

"நான் கிளம்பறேன் சார்" என்றாள் அவள்.

"இரும்மா." குரல் இறங்கியிருந்தது. "திங்கட்கிழமை குழாயில தண்ணி வரும். லைட் எரியும். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும். நீ வந்து பார்த்துட்டு மெஷின்ல கை வச்சாப் போதும்."

"பத்துப் பேருக்கு ஒண்ணு பத்தாது சார். ரெண்டு வேணும்."

"கொழுப்பைப் பாரு!" என்று முணுமுணுத்தாள் அக்கா.

"ரெண்டு" என்றார் முதலாளி.

அவள் கேட்டைத் தாண்டிச் சுவர் ஓரமாகத் திரும்பியதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா ஓடிவந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில இங்க உன்னை நிறுத்தி, 'உள்ள போய் இதைக் கேளு தாயே'ன்னு சொன்னேனே... நீ நிஜமாவே கேப்பேன்னு நான் நினைக்கலைடி."

"கேக்கச் சொல்லிட்டு, உள்ள வந்து அந்தத் திட்டுத் திட்டறீங்களே அக்கா!"

"திட்டாம? தூண்டிவிட்டது நான்தான்னு தெரிஞ்சா நாளைக்கே என் டேபிள்ல வேற ஒருத்தி நிப்பா. எங்க வேலைக்கு வாசல்ல பத்துப் பேர். உன் வேலைக்குத்தான் ஆளே கிடைக்கலை. இங்க இல்லைன்னாலும் உனக்கு நாலு இடம் இருக்கும். அந்தத் தைரியத்துலதான் உன்கிட்ட சொன்னேன்."

அவள் கேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி?"

"ஆறு மாசமா வேலை இல்லைக்கா. 'லேத் ஓட்டப் பொம்பளையா'ன்னு ஏழு இடத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் மெஷினைத் தொடவே விட்டார்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! இதைக் காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க என்னைக் கேக்கச் சொல்லியிருக்க மாட்டீங்களே அக்கா."