பங்காளியா, பகையாளியா?

ஓர் உடம்புக்குள் ஒரு வெள்ளணு காவல் காத்து வந்தது. ஈரலில் ஒரு கட்டி முளைத்திருக்கிறது, அது பகையாளி, விட்டால் ஈரலே மிஞ்சாது, போய்க் கொன்றுவிடு என்று அதற்கு உத்தரவு வந்தது.

வெள்ளணு விறுவிறுவென்று போய்ச் சேர்ந்தது. கட்டியைச் சுற்றி ஒரே உப்புத் தண்ணீர். வெள்ளணுவின் தோலில் ஒரு சின்ன மடை உண்டு. உள்ளே சேரும் உப்பை அந்த மடை வெளியேற்றினால்தான் வெள்ளணுவுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்.

"அண்ணே, வெளியே உப்பு கழுத்துமட்டும் நிக்குது. உள்ளே இருக்கிறதை என்னால தள்ள முடியலை. திரும்பிடலாம்" என்றது மடை.

"மடைக்கு என்ன பேச்சு? சும்மா கிட" என்று அதட்டிய வெள்ளணுவுக்கு அதற்குள் தலை கிறுகிறுத்தது. எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோனது.

"வாங்கண்ணே, யாரைத் தேடுறீங்க?" என்றது கட்டி.

"பேரு வாயிலேயே நிக்குது. 'ப'வில் ஆரம்பிச்சு 'ஆளி'ன்னு முடியும்."

"பங்காளியா? அது நான்தான். நானும் இதே உடம்பில் பிறந்தவன்தானே!"

கட்டியின் முகமும் ஈரலை உரித்து வைத்தாற்போல் இருந்தது. பேசிக்கொண்டே அது தனக்கும் ஈரலுக்கும் நடுவே இருந்த வரப்பை ஈரலின் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டது.

"அண்ணே, பகையாளி! பகையாளி!" என்று கத்தியது மடை.

"வாயைக் கழுவு. சொந்தப் பங்காளியைப் போய் அப்படிச் சொல்லலாமா?"

"அதானே! வாசல்ல கொஞ்சம் உட்காருங்கண்ணே. கண்டவனும் உள்ளே வரப் பார்க்கிறான்" என்றது கட்டி.

வெள்ளணு உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதே உத்தரவோடு இன்னொரு வெள்ளணு ஓடி வந்தது. முதல் வெள்ளணு எழுந்து குறுக்கே நின்றது.

"யாருடா நீ? எங்க பங்காளி வீட்டில் உனக்கு என்ன வேலை?"