அரைப்போத்தல் குளத்துத் தண்ணீர்

வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெயில் விழுகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருக்கிறாள் நேசமலர். கொழும்பு நகர நடுவிலுள்ள பேர வாவியின் பச்சைத் தண்ணீரில் மிகச் சிறிய உயிர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. தெளிந்த குளத்தில் வாழும் பெரியவற்றோடு ஒப்பிடத்தான் வவுனியாவிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கேட்டிருந்தாள். கொண்டுவந்த அத்தான் அருளம்பலம் எதிர்க் கதிரையில் இருக்கிறார். சட்டையெல்லாம் பயணப் புழுதி. போத்தலில் அரைவாசிதான் இருக்கிறது. “சோதனைச்சாவடியில மறிச்ச ஆமிக்காரன் இதென்ன எண்டான். குளத்துத் தண்ணி எண்டன். அப்ப குடிச்சுக் காட்டு எண்டான்.” “குடிச்சனீங்களோ, அத்தான்?” “வேற என்ன செய்யிறது? அரைவாசியோட போதும் எண்டு விட்டிட்டான்.” கடற்கரையோரம் ரயில் போக, மேசை மெல்ல அதிர்கிறது. வில்லையின் கீழே வைத்த குளத்துத் துளியில் பெரியவை ஒன்றும் அசையவில்லை. பஸ் சூட்டில், மூடிய போத்தலுக்குள் மூச்சுமுட்டிச் செத்துவிட்டன. இங்கேயும் சின்னவை மட்டும் ஒன்றிரண்டு சுழல்கின்றன. “உயிரோட இருக்கோ, பிள்ளை?” என்கிறார் அவர், வயிற்றைத் தடவியபடி. “ஓம் அத்தான், இருக்கு.” அவருடைய முகம் மலர்கிறது. “அப்ப அடுத்தமுறை ரெண்டு போத்தல் கொண்டு வாறன்.” “வேண்டாம் அத்தான், இது காணும், போதும்” என்கிறாள் நேசமலர், வில்லையிலிருந்து முகத்தை எடுக்காமல்.