குறுக்கே வந்தவர்கள்

“வலது பக்கம்! வலது பக்கம்! நீ போறது நம்ம ஊரு பக்கம்டி!”

கணவன் போட்ட சத்தத்தில் பதறிப்போய், இரண்டு கைகளையும் ஒருசேர வலப்பக்கம் திருப்பினாள் அவள். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

“எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க? அக்கம் பக்கத்துல இருக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“நாளைக்கு டெஸ்ட்ல அந்த ஆபீசர் கத்த மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே ஃபெயில் போடுவாரு. ஸ்டியரிங்க நெரிக்காத, பூ மாதிரிப் பிடி.”

ஏற்கெனவே இரண்டு முறை சிரித்துவிட்டார். முதல் தடவை, வலப்பக்கம் ஓட்டும் இந்த நாட்டில், ஊர்ப் பழக்க தோஷத்தில் இடப்பக்கமே ஏறிவிட்டாள். இரண்டாம் தடவை, நாயைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தவரைப் பார்த்து ஹாரன் அடித்துத் தொலைத்தாள்.

முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை தயாராக இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. நாளையும் கோட்டை விட்டால் அந்த வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

“ஆள் வருது, பாத்து!”

தலையில் துண்டைச் சுற்றிய ஒரு பெரியவர், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்காமல் குறுக்கே நடந்தார். ஊரில் பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய கட்டைவிரல் ஹாரன் அடிக்கத் துடித்தது. அடக்கிக்கொண்டு வலது காலால் அழுத்தி மிதித்தாள். ‘நீங்க போங்க’ என்று கையைக் காட்டினாள்.

பெரியவர் ஒரு கணம் முழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு போனார்.

“அப்படித்தான்! இந்த ஊர்ல நடந்து போறவன்தான் ராஜா.”

அடுத்து, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி வந்தாள். அவள் கடந்து போகவில்லை. நட்ட நடுவில் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முறைத்தாள்.

இவள் கையைக் காட்டினாள். நகரவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி காட்டினாள். ம்ஹூம்.

முழுசாக ஒரு நிமிடம் போனது. ஊராக இருந்தால் இதற்குள் தெருவையே கூட்டியிருப்பாள். இப்போது கட்டைவிரல் அசையக்கூட இல்லை.

“பாஸ்!” என்று கைதட்டினான் கணவன். “நாளைக்கும் இதே பொறுமையோட நில்லு. லைசென்ஸ் உன் கையில.”

சிறுமி ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“தாத்தா குளிச்சிட்டு வந்தாச்சும்மா. நீ திருப்பிக்கிட்டிருக்கற அந்தத் தட்டக் குடு, சாப்பாடு போடணும்.”