வீட்டுக்காரரின் திறப்பு

லூர்த்தம்மா ரீச்சர் நல்லூர் வாடகை வீட்டை மாத முடிவில் விடுவதாக இருந்தார். அதைச் சாட்டாக வைத்து வீட்டுக்காரர் பஞ்சலிங்கத்தார் தன் திறப்பால் பூட்டைத் திறந்து, நினைத்த நேரமெல்லாம் உள்ளே நுழைந்தார்.

அன்று பின்னேரம் அறைக்குள் நின்று ரீச்சரின் அலுமாரியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

ரீச்சர் அறை வாசலில் நின்று கேட்டார்: “கூப்பிட்டுப்போட்டு வரத் தெரியாதே உமக்கு? நாய்கூட வாசலிலை நிண்டு குலைக்கும்.”

அவர் திரும்பவில்லை.

வெளிப் படலையைத் திறந்துகொண்டு அவருடைய மகன் அழுதபடி முற்றத்துக்கு வந்தான். “ரீச்சர், காலமை சந்தையிலை ஷெல் பட்டு அப்பா செத்துப்போனார்.”

ரீச்சர் அறைக்குள் திரும்பிப் பார்த்தார். பஞ்சலிங்கத்தார் அலுமாரியின் அடியிலிருந்த ரீச்சரின் உள்ளுடுப்பு லாச்சியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். அப்போதும் ரீச்சருக்கு அருவருப்புத்தான் வந்தது. அறையைப் பூட்டித் திறப்பை மகனிடம் கொடுத்தார்.

“நான் இண்டைக்கே போறன், தம்பி. வாடகைக்கு வாறவைக்குச் சொல்லிவிடும், உள்ளுக்கை ஆள் இருக்குதெண்டு.”

பூட்டிய அறைக்குள் அடுத்த லாச்சி திறபடும் சத்தம் மகனுக்கும் கேட்டது.