பச்சைப் பெயிண்ட்

“பிரேக்கு நல்லாத்தான் இருக்கு பாய். இந்த டிரைவர் கண்ணுதான் சரியில்ல. தூங்கிட்டே ஓட்டியிருக்கான்,” என்றார் மாதவன்.

எலக்ட்ரீஷியன் கரீம் பாய் டூல்ஸ் பையைக் கீழே வைத்தார். மாதவன் வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் டிரெய்லர், போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துக் காலி மனையில் நின்றது. முந்தின நாள் சானமாவு இறக்கத்தில், தன்னை இழுத்துப் போன பிக்கப்பையும் தள்ளிக்கொண்டு போய், மொபெட்டில் ஷிப்டுக்குப் போன பொற்கொடி மேல் ஏறிவிட்டது. அவள் ஆஸ்பத்திரியில் கால் போய்க் கிடக்கிறாள்.

மத்தியானம் பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் ஒரு பார்வை பார்க்க, ஏட்டைச் சரிக்கட்டி பாயைக் கூட்டி வந்திருந்தார் மாதவன்.

ஸ்டேஷன் படியில் டிரைவர் முத்துக்குமார் உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா பண்ணுச்சு?” என்று கேட்டார் கரீம்.

“டிரெய்லருக்கு கரண்ட்டு பிரேக்குங்க பாய். ஒரு நேரம் புடிக்கும், ஒரு நேரம் கைவிட்டுடும். ஓனர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.”

“ஓட்டத் தெரியாதவன் சொல்ற சாக்கு. ஷெட்டுல நான் பார்த்தப்பல்லாம் புடிச்சுதே?”

பிக்கப்பில் மாதவனை ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார் கரீம். டிரெய்லர் சக்கரத்தில் காது வைத்தார். உள்ளே பிரேக்கைப் பிடிக்கும் காந்தம் உறுமியது. சட்டத்தில் ஓங்கி ஓர் உதை விட்டார். உறுமல் நின்றது. இன்னோர் உதை. வந்தது.

ஒயரைத் தடவிக்கொண்டே போனவர் கை, அதைச் சட்டத்தோடு சேர்க்கும் எர்த் போல்ட்டில் நின்றது. கழற்றினார். அடியில் பச்சைப் பெயிண்ட்.

“ஆயுத பூஜைக்கு அடிச்சீங்களா?”

“ஆமா. நானே கூட நின்னு, சந்துபொந்து விடாம அடிக்க வெச்சேன். கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல?”

“பெயிண்ட்டு மேல எர்த்து எப்படிங்க புடிக்கும்? சும்மா நின்னா ஒட்டிக்கும். ரோட்டுல குலுங்கினா விட்டுடும். இவன் சொன்னது நெசம்.”

மாதவன் இறங்கி வந்தார். குரல் தாழ்ந்தது.

“அப்ப கேஸு என் தலையில விடியும். சுரண்டி முறுக்கிடுங்க. பெயிண்ட்டை நீங்க பாக்கல.”

வருஷம் முழுக்க மாதவன் கொடுக்கிற வேலையில்தான் பாய் வீட்டு அடுப்பு எரிகிறது. சுரண்டினார். முறுக்கினார். உதிர்ந்த பச்சையைக் காலால் மண் தள்ளி மூடினார். முத்துக்குமார் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஓட்டினார். மிதித்த இடத்தில் வண்டி நின்றது.

“பிரேக்ல குறையே இல்ல. ஓட்டினவன் தப்புதான்,” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“உள்ள கிடக்கட்டும் சார். அப்பத்தான் இந்த மாதிரி ஆளுக்குப் புத்தி வரும்,” என்றார் மாதவன். எல்லோருக்கும் டீ சொன்னார்.

டீ வருவதற்குள் ஏட்டு வந்துவிட்டார், கையில் செல்போனோடு. சானமாவுக்கு முந்தின பெட்ரோல் பங்க் கேமராவில், விபத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்த படம். ஸ்டியரிங்கில் இருந்தது முத்துக்குமார் இல்லை. மாதவனின் மகன் அஸ்வின்.

மாதவன் முத்துக்குமார் பக்கம் திரும்பினார்.

“நீ ஓட்டினேன்னு ஏன்டா சொன்னே?”

“அஸ்வின் தம்பி என் கால்ல விழுந்துச்சுங்க. வெளிநாட்டுக்குப் படிக்கப் போறது கெட்டுடும்னு அழுதுச்சு. பிரேக்கு கோளாறுதானே, பார்த்தா தெரிஞ்சிடும், நம்மள விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.”

மாதவன் ஓடி வந்து கரீம் கையைப் பிடித்தார்.

“பாய், இன்ஸ்பெக்டர் இன்னும் கிளம்பல. போல்ட்டு அடியில பெயிண்ட்டு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் புள்ள உள்ள போயிடுவான் பாய்.”

கரீம் காலடி மண்ணை இன்னொரு தரம் மிதித்தார்.

“எந்தப் பெயிண்ட்டுங்க? நான் பாக்கலையே.”