முத்துப் பட்டன்

மின்சாரம் போய் மின்விசிறி நின்றிருக்கிறது. மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளை மேசைமேல் கோடு கோடாக விரித்திருக்க, அவள் மகளுக்காகத் துணிப் புத்தகம் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் முழுக்கப் பழைய துணிகளிலிருந்து கழற்றிய பட்டன்கள். அடுத்த பக்கத்தில் கொக்கிகள், பிஞ்சு விரல்கள் மாட்டிக் கழற்றிப் பழக. கடைசிப் பட்டனை இப்போதுதான் இறுக்குகிறாள். முத்து நிறம், சுற்றிலும் பொன் விளிம்பு. துவைக்கப் போட்ட கணவனின் பேன்ட் பையில் நேற்றுக் கிடைத்தது. அவள் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் தானாகத் தெரியும் என்று ஊசியில் நூல் கோத்தாள், அவ்வளவுதான்.

எதிரே கணவன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறான். வெகு நேரமாகப் பக்கம் புரளவில்லை. வாலு என்று வீட்டில் கூப்பிடும் மகள் மேசையில் முழங்கையை ஊன்றிப் பட்டன்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்கிறாள். “இது யாரோடது?” “அப்பா சட்டையோடது.” “இது?” “உன் பழைய கவுனோடது.” சின்ன விரல் முத்துப் பட்டனில் வந்து நிற்கிறது. “அப்போ இது?” அவள் நூலைப் பல்லில் கடித்தபடி கணவனையே பார்க்கிறாள்.

“அது அம்மாவோடதுடா செல்லம்,” என்கிறான் அவன். செய்தித்தாள் தாழவே இல்லை.

வாலு சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள். “ஐயோ, அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல! அம்மா ஜாக்கெட்ல பட்டனே கிடையாது. எல்லாம் கொக்கிதான்!”

அவள் இன்னொரு முடிச்சுப் போடுகிறாள். மின்விசிறி ஓடவில்லை, ஆனாலும் செய்தித்தாள் நடுங்குகிறது.