கழிக்க வேண்டிய எடை

கொடி இறங்கியது. சிவப்பு வண்டி சரளையை வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்தது.

என் வலது கால் தானாகவே அழுந்தியது. 

தோற்றால் நாளைக்கு இந்த வண்டி என்னுடையது இல்லை.

யாரும் வற்புறுத்தி வைத்த பந்தயம் இல்லை இது, முழுக்க என் வாய்க்கொழுப்பு. எங்கள் தேயிலை எஸ்டேட்டின் போன வருட விழாவில் மைக்கைப் பிடுங்கி, அடுத்த வருடமும் கொர்னேலியஸின் ஜீப்பிடம் தோற்றால் வண்டியை விற்றுவிடுகிறேன் என்று முழங்கிவிட்டேன். எட்மண்ட் சொன்னால் சொன்னதுதான் என்று கூடவே ஒரு வீராப்பு வேறு.

கொர்னேலியஸ் எங்கள் ஃபீல்டு ஆபீசர். சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர். நல்ல மனிதர்தான். ஆனால் என் வண்டியை வாங்குவதற்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஆளையே கூட்டி வந்து மேலே பங்களா வாசலில் நிறுத்தியிருக்கிறார். வேதாகமத்தில் எந்த அதிகாரத்தில் இதைப் படித்தாரோ.

முதல் வளைவு. இரண்டாவது கியர் சுத்தமாக விழுந்தது.

எடை மேடையிலிருந்து பங்களா வரை எஸ்டேட்டின் சொந்த ரோடு. ஒவ்வொரு வண்டியாக ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் ஏறுகிற வண்டிக்குக் கோப்பை. ஜீப் ஏற்கெனவே ஏறி முடித்துவிட்டது. டர்போ வைத்த டீசல் ஜீப். மேடு என்பதே அதற்குத் தெரியாது.

என் வண்டி இரண்டு பேர் கை மாறி கோயம்புத்தூரில் எனக்குக் கிடைத்தது. இரண்டே சீட், தரையோடு படுத்த உடம்பு. அவிநாசி ரோட்டில் அது புலி. பர்லியாறு தாண்டி மலை ஏறியதும் பூனை. இந்த உயரத்தில் காற்று மெலிசு. காற்று குறைந்தால் எஞ்சினுக்கும் மூச்சு குறையும். காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ மாட்டலாம்தான், அந்த விலைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

என் சக்திக்கு முடிந்ததைச் செய்தேன். காற்றை அதிகம் இழுக்கிற ஃபில்டர், புது ஸ்பார்க் பிளக், தம்பி ஜினோ ஃபோனில் பார்த்துச் சொன்ன அகலமான சைலன்சர். சத்தம் பிரமாதமாகக் கூடியது. ஃபாக்டரி கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தன. வண்டி மட்டும் பழைய வேகத்திலேயே ஏறியது.

இரண்டாவது வளைவு. மூடுபனி இறங்கியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, எஞ்சின் சத்தத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

வழி சொன்னது என் மனைவி தபித்தாள். எஸ்டேட்டில் இலை எடை போடுகிறவள். பிக்கப் டிரைவர் லீவு போட்டால் இலையை ஏற்றிக்கொண்டு போகிறவளும் அவள்தான். மூட்டை தராசில் ஏறியதும் முதலில் சாக்கின் எடையைக் கழிப்பாள். மழை நாளில் ஈரத்தையும் கழிப்பாள். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பதே இல்லை.

"பவரை ஏத்தறதுக்கு எதுக்குங்க இத்தனை பாடு? எடையக் கழிங்க."

அதற்குச் செலவே இல்லை. ஸ்பேர் சக்கரத்தைக் கழற்றி இலைத் தராசில் வைத்தாள். பக்கத்து சீட்டை வைத்தாள். ஏசி, ஸ்பீக்கர், தரை விரிப்பு என்று வண்டியைப் பலாப்பழம் மாதிரி பிளந்து எடுத்துவிட்டாள். ஒவ்வொன்று போகும்போதும் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வண்டி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் துள்ளியது, அதையும் சொல்ல வேண்டும்.

நேற்று கடைசியாக ஓட்டிப் பார்த்தோம். அப்போதும் மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கியது.

தபித்தாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இன்னும் ஒன்றைக் கழித்தால் போதும் என்றாள். எதை என்று சொன்னதும் நான் குதித்தேன். அது இல்லாமல் வண்டியே இல்லை என்று சண்டை போட்டேன். சாப்பிடாமல் படுத்தேன். காலையில் எழுந்து, சரி, கழித்துக்கொள் என்று சொன்னேன். வண்டியே கையைவிட்டுப் போவதற்கு அது தேவலை.

மூன்றாவது வளைவு.

பல்லைக் கடித்தேன். இங்கேதான் சத்தம் தளரும். இங்கேதான் போன வருடம் என் மானம் போனது.

தளரவில்லை! எஞ்சின் ஒரே மூச்சில் வளைவைத் தாண்டி, கியர் மாறி, இன்னும் உரக்கப் பாடியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் ராஜா, என் தங்கமே என்று நான் பாட்டுக்கு உளறிக்கொண்டிருந்தேன்.

கடைசி மேடு. பங்களா கேட்.

மேனேஜர் மைக்கில் நேரத்தைப் படித்தார். ஜீப்பைவிடக் குறைவு. சந்தேகமாக இருந்ததோ என்னவோ, இன்னொரு தடவையும் படித்தார். அப்போதும் குறைவுதான்.

ஜெயித்தாயிற்று. வண்டி எனக்கே எனக்கு. அழுகை வந்தது, அழுதேன். மேட்டுப்பாளையத்து ஆசாமி வந்த பஸ்ஸிலேயே திரும்பலாம்.

கொர்னேலியஸுக்கு மனசு பொறுக்கவில்லை. மேனேஜர் கையிலிருந்த மைக்கை வாங்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி வண்டிக்குள் நீட்டிவிட்டார்.

"ஏனுங்க எட்மண்ட், எஞ்சின்ல அப்படி என்னத்தைங்க மாத்துனீங்க?"

 மைக்கில் ஹெல்மெட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு மேலே எழுந்த கூச்சலில் ஒலிபெருக்கியே கிறீச்சிட்டது. அதற்கும் மேலே தபித்தாளின் குரல் வந்தது.

"எஞ்சின்ல ஒண்ணும் மாத்தலீங்கண்ணா. எங்கூட்டுக்காரரக் கீழ எறக்கி வெச்சுட்டு வந்தேனுங்க."

எடை மேடை ஓரத்தில், கழற்றிப் போட்ட சீட்டின் மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கீழே இருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது.

சிரிக்கட்டும். எழுந்து நின்று, தொண்டை கட்டும் வரை என் பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கத்தினேன்.